மேற்படி அம்மன் உத்தரவு

ஆவாரம்பட்டியில் தபால் நிலையம் சுப்புராஜ் வீட்டு முன்னறையில் இருந்தது. சுப்புராஜைக் கேட்டால், தபால் நிலையத்தின் பின்கட்டில்தான் தன் குடும்பம் குடியிருக்கிறது என்பார். ஒரு மேசை, ஒரு தேதி முத்திரை, வாசல் பக்கம் இரண்டு ஆணியில் தொங்கும் ஒரு சிவப்புப் பெட்டி. சர்க்கார் கொடுத்தது இவ்வளவுதான். மிச்சத்தை அவரே சேர்த்துக்கொண்டார். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அவர் மனைவி கண்ணம்மாள் அவரைத் திட்டக் கூடாது. அது அரசாங்க நேரம். கண்ணம்மாள் அந்த மூன்று மணி நேரத்துத் திட்டையும் சேர்த்து வைத்து மத்தியானச் சோற்றோடு பரிமாறுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அந்தத் தபால் நிலையத்துக்கு வயது இரண்டு. பரீட்சார்த்தமாகத் திறந்த கிளைதான். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆவணியில் வேடசந்தூரிலிருந்து தபால் ஓவர்சியர் அருளப்பன் சைக்கிளில் வந்து, ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு, நோட்டைப் புரட்டினார்.

"மாசம் ஐந்நூறு உருப்படியாவது போகணும் மாஸ்டர். நீங்க தொண்ணூறு காட்டுறீங்க. அதுலயும் பதினொண்ணு உங்க மகளுக்கு நீங்களே எழுதுனது."

"மக மாசமா இருக்கா சார்."

"இருக்கட்டும். இன்னும் நாலு மக மாசமா இருந்தாலும் பத்தாது. டிசம்பர் வரைக்கும் பார்ப்பாங்க. அப்புறம் நானே வந்து பெட்டியக் கழட்டிட்டுப் போயிருவேன்."

மகள் சொர்ணலட்சுமி வாழ்க்கைப்பட்டிருந்த நொச்சிக்குளம் குடகனாற்றுக்கு மேற்கே இருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லாத வருடம். மணலில் நடந்தால் அரை மணி நேரம். சுப்புராஜ் நடந்து போய் விசாரித்துவிட்டு, வீடு திரும்பி, "உன்னை நேரில் கண்டதில் மகிழ்ச்சி" என்று ஒரு கார்டும் போடுவார். அது வேடசந்தூரைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் நாள் அவளிடம் போகும்.

அருளப்பன் போனபின் சுப்புராஜ் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு ஆணிதான். கழட்டுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அதைக் கழட்டிவிட்டால் அவர் மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டுக்காரர். "போஸ்ட் மாஸ்டர்" என்று அழைக்கிற வாய்கள் மறுநாளே "ஏலே சுப்பு" என்று அழைக்கத் தொடங்கிவிடும்.

அந்த வருடம் மழை இல்லை. ஆடியும் ஆவணியும் பேருக்கு வந்து போயின. பஞ்சாயத்துப் பிரசிடெண்டு கண்ணுசாமி, திண்டுக்கல்லிலிருந்து ஐயர்களை வரவழைத்து ஒரு யாகம் நடத்தினார். மைக் செட் வைத்து, "இன்னும் மூணு நாளையில உங்க வயலெல்லாம் நான் நிரப்பிக் காட்டுறேன்" என்று பேசினார். மூன்று நாள் ஆயிற்று. மூன்று வாரமும் ஆயிற்று. யாகத்துக்கு வந்தவர்களின் புகைப்படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். மழை மட்டும் பாக்கி.

சுப்புராஜுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுப் படுத்திருந்தபோது யோசனை வந்தது. எழுந்து, ஒன்பது கார்டுகளில் இப்படி எழுதினார்:

"திண்டுக்கல் சீமையில் ஓர் ஊரில் ஏழு வயதுச் சிறுமி மீது மாரியம்மன் இறங்கி மழை வரும் என்று அருள்வாக்குச் சொல்லியிருக்கிறது. இக்கார்டு கண்டவர்கள் ஒன்பது பேருக்கு இதுபோல் எழுதினால், மேற்படி அம்மன் அருளால் நெல்லும் சோளமும் பெருகும்."

'மேற்படி' என்ற சொல் இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் ஓடாது. அது சர்க்கார் பாஷை; அதைப் போட்டால் சொல்வதற்கு ஒரு முத்திரை விழுந்த மாதிரி.

பத்து நாள் காத்திருந்தார். கார்டு போன வீடுகளில் அதைப் படிக்கக் கேட்டார்கள். "நல்ல சேதிதான், நல்லாருக்கட்டும்" என்று கூரையில் செருகினார்கள். ஒருவரும் ஒன்பது பேருக்கு எழுதவில்லை, ஒருவருக்குக்கூட எழுதவில்லை.

வேடசந்தூருக்கும் ஆவாரம்பட்டிக்கும் தபால் பையைச் சுமந்து நடக்கும் ரன்னர் மலைச்சாமி, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார். "எழுதுனா நல்லது நடக்கும்னா, நடக்கும்போது நடக்கட்டும்னு உக்காந்திருப்பான் மாஸ்டர். எழுதலேன்னா இருக்கறது போயிரும்னு போடுங்க. எந்திரிச்சு ஓடுவான்."

சுப்புராஜ் இரண்டு வரி கூட்டினார். "வடக்கே ஒருவர் இக்கார்டை அலட்சியம் செய்தார்; மூன்றாம் நாள் அவர் கிணறு வற்றியது. பழனிப் பக்கம் ஒருவர் கிழித்துப் போட்டார். மேற்படியாரின் எருமை செத்தது."

கிணறுகளெல்லாம் வற்றிக்கொண்டிருந்த வருடம் அது. மூன்றாம் நாள் ஒரு கிணறு வற்றுவதற்கு அம்மன் சிரமப்பட வேண்டியதே இல்லை. அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குத் தபால் நிலையத்தின் முன்னால் வரிசை நின்றது.

ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. வழக்கம்போல் சுப்புராஜ்தான் எல்லோருக்கும் எழுதினார். அங்கேதான் ஆவாரம்பட்டியின் ஒரு பழக்கம் குறுக்கே வந்தது. அவர்களுக்குக் கார்டில் காலி இடம் இருக்கக் கூடாது. முழுக் கார்டுக்கும் காசு கொடுத்துவிட்டு முக்கால் கார்டு எழுதுவது அவர்களைப் பொறுத்தவரை பாதிச் சோற்றில் எழுந்திருப்பது போல.

"முடிஞ்சிருச்சா? இம்புட்டு இடம் சும்மாக் கெடக்கே," என்றாள் மூக்காயி.

"அம்மன் உத்தரவு அவ்வளவுதான் தாயி."

"அப்ப கீழ இதையும் போடுங்க. எவனோ செஞ்ச பாவத்துக்குத்தான் நாம தண்ணியில்லாமக் கெடக்கோம்னு."

போட்டார். அடுத்தவர், பாவம் செய்தவன் வசதியானவன் என்று போடச் சொன்னார். அதற்கடுத்தவர் அவன் பக்கத்து ஊர்க்காரன் என்றார். யார் எதைச் சொன்னாலும் எழுதுவதுதான் தபால்காரனுக்கு அழகு என்று சுப்புராஜ் நம்பினார். பேனா ஓடியது, முத்திரை விழுந்தது. ஒரே மாதத்தில் எழுநூறு உருப்படி தாண்டியது. அருளப்பன் வந்து நோட்டைப் பார்த்துவிட்டு இரண்டாவது சொம்பு மோர் கேட்டார்.

கடைசியாகப் பிரசிடெண்டு கண்ணுசாமி வந்தார். அவர் வரிசையில் நிற்கவில்லை. வரிசை விலகி நின்றது.

"மாஸ்டர், ஒன்பது கார்டு எடு. கீழ நான் சொல்றத அப்படியே போடு. யாகம் பலிச்சிருச்சு. மழையும் கெளம்பிருச்சு. ஆனா நடுவழியில ஒருத்தன் அதக் கட்டி வச்சிருக்கான்."

சுப்புராஜின் பேனா நின்றது. "கட்டி வச்சிருக்கான்னா, யாருண்ணே?"

"பேரு எதுக்கு. மழை பெஞ்சா யாருக்கு நட்டம்னு மட்டும் கேட்டு வையி. கேள்விதான."

மழை பெய்தால் நட்டம் யாருக்கு என்று அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செங்கல் சுடும் காளவாசல் வைத்திருப்பவனுக்கு; நனைந்தால் பச்சைக்கல் கரைந்துவிடும். ஆற்றுக்கு மேற்கே காளவாசல் வைத்திருந்தவர் ஒருவர்தான், நொச்சிக்குளம் பொன்னுச்சாமி. வெயிலுக்கு எப்போதும் வெள்ளைத் துணி ஒட்டுப்போட்ட ஒரு கறுப்புக் குடையோடு திரிகிறவர். சொர்ணலட்சுமியின் மாமனார்.

சுப்புராஜுக்கு அது உடனே புரிந்தது. ஆனாலும் எதிரே நிற்பவர் பிரசிடெண்டு. வெறும் கேள்விதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு ஒன்பது கார்டிலும் எழுதினார்.

ஐப்பசி பிறந்தபோது கார்டுகள் திரும்பி வரத் தொடங்கின. மலைச்சாமியின் பை முதுகில் முட்டியது. சுப்புராஜ் ஒவ்வொன்றாகப் படித்தார். தான் பெற்ற பிள்ளை வேற்றூரில் வளர்ந்து, மீசையோடு வாசலில் வந்து நிற்பது போல் இருந்தது. சிறுமியைக் காணோம். நெல்லும் சோளமும் காணோம். அவர் ஆசையாக எழுதிய வரிகள் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. எருமை மட்டும் உயிரோடு, அதாவது செத்தபடியே, எல்லாக் கார்டிலும் இருந்தது. மழையைக் கட்டியவனும் இருந்தான். பாலசமுத்திரத்திலிருந்து வந்த கார்டு, "அம்மன் சொல்லிப்போட்டாங்க, காளவாசக்காரன் வீட்டுல மழை கட்டிக் கெடக்குதுங்க" என்று மரியாதையாக அறிவித்தது. நாகல் நகரிலிருந்து வந்தது அச்சடித்த கார்டு. அதில் கறுப்புக் குடைகூட வந்துவிட்டது. எல்லாவற்றிலும் 'மேற்படி அம்மன்' என்ற சொல் மட்டும் சிதையாமல் இருந்தது. அது சர்க்கார் பாஷை என்பதால் யாருக்கும் கை வைக்கத் துணிவில்லை போலும்.

அந்த வாரமே சொர்ணலட்சுமியின் கார்டு வந்தது. ஐந்தாவது வரை படித்தவள். நொச்சிக்குளத்தில் பெண்களுக்கெல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள்.

"அப்பாவுக்கு நமஸ்காரம். நான் சுகம். இங்கே எல்லா வீட்டுக்கும் கார்டு வருகிறது. எல்லாவற்றிலும் நம் ஊர் முத்திரை இருப்பதால், மழையைக் கட்டும் மந்திரமே ஆவாரம்பட்டியிலிருந்துதான் வருகிறது என்று பேசுகிறார்கள். இவர்களும் பதில் கார்டு எழுதுகிறார்கள். மாமா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வளைகாப்புக்குக் குறித்த நாளுக்கு முன்னாலேயே வந்து அழைத்துப் போக முடியுமா?"

கார்டில் பாதி இடம் காலியாக இருந்தது. சுப்புராஜ் அந்தக் காலி இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

வளைகாப்பு கார்த்திகை முதல் புதன்கிழமை என்று குறித்திருந்தது. அன்று ஒன்பதாம் மாதம் நிறைந்திருக்கும். வளையல் போட்டு அழைத்து வந்துவிட்டால் தலைப்பிரசவம் தாய்வீட்டில். நாளை முன்னால் இழுக்கலாம் என்று ஆற்றைக் கடக்க வண்டி கேட்டார். ஆவாரம்பட்டியில் நாலு வண்டிக்காரர்கள் இருந்தார்கள். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் மாடு நொண்டியது.

இரண்டு நாள் கழித்துச் சாகுல் ஹமீது வந்தார். நாகல் நகர்க்காரர், ஊர் ஊராகப் போய்க் குடை ரிப்பேர் பார்ப்பவர். மழையில்லாத வருடத்திலும் வெயிலுக்குக் குடை கிழிந்தது. தலையில் பெரிய கட்டுப் போட்டிருந்தார். தோளில் குடைக்கட்டு இல்லை.

"என்ன பாய் இது?"

"வேடசந்தூர் ரோட்டுல மறிச்சாங்க மாஸ்டர். ஒரு கறுப்புக் குடை வச்சிருக்கறவனே மழையக் கட்டுறானாம், நான் ஒன்பது குடை வச்சிருந்தேன். எல்லாத்தையும் போட்டுக் கொளுத்திட்டாங்க. வீட்டுக்கு ஒரு கார்டு எழுதணும். கையிலயும் அடி, நீங்க எழுதுங்க. சுகமா இருக்கேன், வெள்ளிக்கிழமை வந்துருவேன்னு."

சுப்புராஜ் எழுதினார். பழக்க தோஷத்தில் பேனாவைத் தூக்காமல் கேட்டார். "இடம் இருக்கு பாய். வேற என்ன சேர்க்கட்டும்? யாரு அடிச்சது, எந்த ஊர்க்காரன்?"

"ஒண்ணும் சேர்க்காதீங்க. இடம் சும்மாவே கெடக்கட்டும்."

அந்தத் தபால் நிலையத்தின் சரித்திரத்தில் காலி இடத்தோடு போகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். சுப்புராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கண்ணம்மாள் திட்டாமலே தட்டை எடுத்துப் போனாள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

மழை இல்லாத வருடத்தில் அந்தப் பக்கம் கொடும்பாவி இழுப்பது உண்டு. வைக்கோலில் ஓர் உருவம் செய்து, பழைய சேலை சுற்றி, தெருத் தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் ஆற்று மணலில் கொளுத்துவார்கள். கொடும்பாவிக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது. ஊரில் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம் பாவம் செய்திருப்பதால் யாருடைய முகத்தைப் போடுவது என்ற சங்கடம். இந்த முறை பிரசிடெண்டு கூட்டிய ஊர்க்கூட்டத்தில் அந்தச் சங்கடம் வரவில்லை. கொடும்பாவிக்கு வேட்டி கட்டி, அக்குளில் ஒரு செங்கல் வைத்து, கையில் வெள்ளை ஒட்டுப்போட்ட கறுப்புக் குடையைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கொளுத்துவது நொச்சிக்குளத்தைப் பார்த்தபடி. நாள், கார்த்திகை முதல் புதன். பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி கட்டி வருகிறார்கள், கம்போடு.

சுப்புராஜ் எழுந்து நின்றார்.

"அண்ணே, ஒரு விசயம் சொல்லணும். அந்தக் கார்டு நான் எழுதுனது."

"ஊருக்கே நீதான எழுதுற," என்றார் கண்ணுசாமி.

"அதில்லண்ணே. மொதக் கார்டு. சிறுமி, அருள்வாக்கு, எருமை, எல்லாம் நானா யோசிச்சு எழுதுனது. ஆபீச மூடிருவாங்கன்னு பயந்து."

மூக்காயி முன்னால் வந்தாள். "எப்ப யோசிச்சீக?"

"சாப்பிட்டுப் படுத்திருந்தப்ப."

"என்ன கெழமை?"

"வெள்ளி."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மூக்காயி இரண்டு கையையும் கூப்பினாள். "வெள்ளிக்கெழமை உச்சிப்பொழுதுல ஆத்தா உங்க தலையில ஏறியிருக்கா. பாவம், உங்களுக்கே தெரியல."

"எருமை செத்தது பொய்யி தாயி. அப்படி எருமையே கெடையாது."

"கெடையாதா? எங்க நாத்தனா ஊருல செத்துச்சே. நான் போயித் துக்கம் கேட்டுட்டு வந்தேன்."

கண்ணுசாமி அவரைத் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார். "ஏலே சுப்பு, பேசாம இரு. பதினஞ்சு வருசமா நான் தொண்டை கிழியக் கத்துறேன், இந்த ஊரு ஒரு சாக்கடை வெட்டக்கூட ஒண்ணாச் சேந்தது இல்ல. இப்ப சேந்து நிக்குது பாரு. அதப் போயிக் கலைக்கிறியே."

"எம் மக அங்க இருக்காண்ணே."

"எந் தங்கச்சி மகளும் அங்கதான் இருக்கா. இப்ப போயி அதையெல்லாம் பாத்தா ஆகுமா?"

அவர் 'ஏலே சுப்பு' என்று அழைத்தது சுப்புராஜுக்கு வீடு வந்தபின்தான் உறைத்தது. எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தாரோ, அது அப்படியே நடந்துவிட்டது.

மறுப்புக் கார்டு எழுதினார். "மழையை யாரும் கட்டவில்லை. மேற்படி கார்டுகளை நம்ப வேண்டாம். இதை ஒன்பது பேருக்கு எழுதவும்." நாற்பது கார்டு போட்டார். ஒன்றும் நகரவில்லை.

மலைச்சாமி ஒன்றை வாங்கிப் பார்த்தார்; படிக்கத் தெரியாவிட்டாலும் கார்டுகளின் சங்கதி அவருக்குத் தெரியும். "எழுதலேன்னா என்ன ஆகும்னு போட்டிருக்கீங்க?"

"எழுதலேன்னா ஒண்ணும் ஆகாது."

"அப்பறம் எதுக்கு மாஸ்டர் எழுதுவான்?"

புதன்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவர் இன்னொரு கார்டு எடுத்தார். மகளை எப்படியாவது கம்புக்கும் கல்லுக்கும் அப்பால் நிறுத்த வேண்டும். அது ஒன்றுதான் நினைப்பு. எழுதினார்: "நிறைமாதக் கர்ப்பிணியின் கண் படும் இடத்தில் கொடும்பாவி கொளுத்தினாலும் கம்பு எடுத்தாலும், மேற்படி ஊருக்குப் பன்னிரண்டு வருடம் மழை இல்லை என்பது மேற்படி அம்மன் உத்தரவு." இதற்கும் ஓர் எருமை வேண்டும். எருமையால் ஆகாது என்று தோன்றியது. பேனாவை இரண்டு முறை கீழே வைத்தார். பிறகு எழுதினார்: "இதை அலட்சியம் செய்த ஓர் ஊரில் ஒரு தாயும் பிள்ளையும் ஒரே நாளில் இறந்தார்கள்."

அந்தக் கார்டு ஓடியது. முந்தியதைவிட வேகமாக ஓடியது.

குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாக, செவ்வாய்க்கிழமை ஆபீசைச் சாத்தியதும் கண்ணம்மாள் தலையில் புளிச்சோற்றுப் பாத்திரத்தோடும், அவர் கையில் வளையல் பெட்டியோடும் மணலில் நடந்து ஆற்றைக் கடந்தார்கள். மணலில் ஏற்கெனவே இரண்டு பக்கமும் கல் குவித்திருந்தது. சம்பந்தி பொன்னுச்சாமி, குடையோடு எதிரே வந்து கைகூப்பினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"வாங்க சம்பந்தி. வளையலப் போடுங்க, சோத்தப் போடுங்க. பிள்ளைய மட்டும் இப்ப அனுப்பறதுக்கில்ல."

"முறைதான சம்பந்தி. தலைப்பிரசவம்."

பொன்னுச்சாமி மடியிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். அது வேறு யாரோ எழுதியது, கோணல் கையெழுத்து. "நிறைமாசக்காரி இருக்கற ஊர ஒருத்தனும் தொட முடியாதுன்னு வந்திருக்கு. எங்க ஊருல நிறைமாசம் இவ ஒருத்திதான். மத்த ரெண்டு பேரு நாலும் அஞ்சும். அது கணக்குல சேராது. நாளைக்கு ஆத்துல முன்னால கட்டிலப் போட்டு உக்கார வைக்கிறோம். நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. வெயில் படாம குடைய நானே பிடிக்கிறேன்."

பக்கத்தில் மருமகன் உடையப்பன் தலையைக் குனிந்து நின்றான். அவன் கையிலும் கம்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

உள்ளே சொர்ணலட்சுமி தகப்பனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்பா, இந்த 'மேற்படி'ய உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் எழுதுவீங்க. எங் கல்யாணப் பத்திரிகையிலயே 'மேற்படி மணமகள்'னு போட்டீங்க."

அவர் சொம்பைப் பார்த்தார்.

"எனக்காகத்தான எழுதுனீங்க?"

தலையசைத்தார்.

"ஒரு தாயும் பிள்ளையும்னு போட்டிருக்கே. அது யாருப்பா?"

சொர்ணலட்சுமி சொம்பை வாங்கிக்கொண்டாள். "இனிமே எழுதாதீங்க. எனக்கு நல்லதுக்குன்னாலும் எழுதாதீங்க."

வளையல் போட்டார்கள். சுப்புராஜ் ஊர் திரும்பவில்லை; கண்ணம்மாளும் திரும்பவில்லை. இரண்டு வருடத்தில் முதல் முறையாக, புதன்கிழமை பத்து மணிக்கு ஆவாரம்பட்டித் தபால் நிலையம் திறக்கவில்லை.

அன்று குடகனாற்றில் தண்ணீர் ஓடிய காலத்தில்கூட அவ்வளவு கூட்டம் இருந்ததில்லை. கிழக்கே ஆவாரம்பட்டியும் அதைச் சேர்ந்த பன்னிரண்டு ஊர்களும். மேற்கே நொச்சிக்குளமும் பத்து ஊர்களும். ஆறு மாதத்துக்கு முன் இவர்களில் பாதிப் பேருக்கு மற்றப் பாதியின் ஊர்ப்பெயரே தெரியாது. கிழக்கே குடையும் செங்கல்லுமாகக் கொடும்பாவி சாய்ந்திருந்தது. மேற்கே கயிற்றுக் கட்டிலில் சொர்ணலட்சுமி. ஒரு பக்கம் கண்ணம்மாள், ஒரு பக்கம் சுப்புராஜ், தலைக்கு மேல் அதே போன்ற குடையைப் பிடித்தபடி பொன்னுச்சாமி. பின்னால் கம்புகள்.

"போஸ்ட் மாஸ்டர், நம்ம பக்கம் வந்துருங்க," என்று கண்ணுசாமி கத்தினார். சுப்புராஜ் அசையவில்லை.

கிழக்கே கலந்து பேசினார்கள். கார்டு அவர்களுக்கும்தான் வந்திருந்தது. சற்று நேரத்தில் அவர்களும் ஒரு கட்டிலைக் கொண்டுவந்து, மூக்காயியின் மருமகளை உட்காரவைத்தார்கள். "ஏழு மாசந்தான், ஆனா பெருசாத் தெரியும்," என்று மூக்காயி சமாதானம் சொன்னாள். உடனே மேற்கே வெளியூர் வண்டிகளிலிருந்து இரண்டு பேரை இறக்கினார்கள். கிழக்கே மூன்று. உச்சிப்பொழுதுக்குள் இந்தப் பக்கம் ஒன்பது கட்டிலும் அந்தப் பக்கம் பதினொன்றும் ஆயிற்று. பட்டாளம் இப்படி அணிவகுத்து உலகத்தில் எங்கும் நின்றிருக்காது. ஆண்கள் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் மூக்காயியின் மருமகள் குரல் கொடுத்தாள்.

"ஏ சொர்ணம், உனக்குக் காலு வீங்குதா?"

"வீங்குதுக்கா. இடுப்பும் பிடிக்குது."

"எப்ப இருந்து?"

"விடிஞ்சதுல இருந்து."

"அட கிறுக்கி, அது வலிடி."

கண்ணம்மாள் மகளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவன் பொறுமை இழந்து கல்லை விட்டான். அது நடு மணலில் விழுந்தது. இரண்டாவது கல் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றைக்கும் தீரவில்லை. சுப்புராஜ் மகளின் மேல் குனிந்து முதுகைக் காட்டி நின்றார். தான் எழுதிய தாயும் பிள்ளையும் யார் என்று அப்போது அவருக்கு முழுதாகத் தெரிந்தது.

கிழக்குக் கரையிலிருந்து ஒரு பொம்பளை நடு மணலில் நடந்து வந்தாள். மருத்துவச்சி செபாஸ்தியம்மாள். இரண்டு ஊருக்கும் அவள் ஒருத்திதான். அங்கே நின்றவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே இருந்த பாதிப் பேரை அவள்தான் வெளியே எடுத்தாள். அவளுக்கு வந்த கார்டை அடுப்புப் பற்ற வைக்கப் பயன்படுத்தினாள் என்று ஊரில் ஒரு வருத்தம் உண்டு.

"எவன்டா கல்ல விட்டது? கையக் கீழ போடு. மறைப்புக்கு நாலு சேலை பிடிங்கடி. தண்ணி காய வைக்கணும், வெறகு எங்க?"

மணலில் விறகு ஏது. அவள் சுற்றிப் பார்த்தாள். நேரே கிழக்கே நடந்து போய், கொடும்பாவியைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். செங்கல்லை எடுத்து அடுப்புக்கு வைத்தாள். இன்னும் இரண்டு செங்கல்லுக்குப் பொன்னுச்சாமியின் ஆட்கள் ஓடினார்கள். குடையைச் சுப்புராஜிடம் நீட்டினாள். வைக்கோல் நன்றாக எரிந்தது. கொடும்பாவி கொளுத்தியாகிவிட்டதா இல்லையா, யார் கொளுத்தினார்கள், கர்ப்பிணி கண்ணில் பட்டதா, மறைப்புக்குப் பின்னால் இருந்ததால் படவில்லையா என்று இரண்டு பக்கமும் தீவிரமான விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, சேலை மறைப்புக்குள் ஒரு குழந்தை அழுதது.

பெண் குழந்தை. தாய்க்கும் குறையில்லை. சுப்புராஜ் மணலில் உட்கார்ந்துவிட்டார். குடையை மடக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"தாய்வீடு எது? கெழக்கதான? தூக்குங்க கட்டில," என்றாள் செபாஸ்தியம்மாள். உடையப்பன் கம்பைப் போட்டுவிட்டு முன்காலைப் பிடித்தான். ஒருவரும் மறிக்கவில்லை. பெரும்பாலோருக்குப் பசி வேறு.

குடகனாற்றில் அன்று அவ்வளவுதான். ஆனால் வடக்கே, முந்தைய கார்டு மட்டும் போய்க் கர்ப்பிணிக் கார்டு போய்ச் சேராத இரண்டு ஊர்களில் அன்றைக்கே அடிதடியில் நாற்பது பேர் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருவர் திரும்பி வரவில்லை. அவருக்குக் காளவாசலும் இல்லை, குடையும் இல்லை.

பத்து நாள் கழித்து ஓவர்சியர் அருளப்பன் வந்தார். மோருக்கு முன்னாலேயே கை கொடுத்தார். "நிரந்தரம் ஆயிருச்சு மாஸ்டர். உத்தரவு வந்திருச்சு. இந்தப் பிர்க்காவுலயே உங்களுதுதான் முதல்."

"சார், பெட்டியக் கழட்டிட்டுப் போயிருங்க."

அருளப்பன் சிரித்தார். "தமாசு பண்ணாதீங்க. நிரந்தரம்னா நிரந்தரம். இனி நானே நினைச்சாலும் கழட்ட முடியாது."

அவர் போனபின் மலைச்சாமி பையை இறக்கினார். இப்போதெல்லாம் அதைத் தனியே இறக்க முடிவதில்லை. சுப்புராஜும் ஒரு பக்கம் பிடித்தார். முத்திரை குத்தும் முன் மேலே இருந்த கார்டை எடுத்தார். எந்த ஊரோ, எந்தக் கையோ.

"குடகனாற்று மணலில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கொடும்பாவி எரிந்த நெருப்பில் குளித்த குழந்தை. மேற்படி குழந்தை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்கே மழை. வைத்துக்கொள்ளத் தவறிய ஊரில்..."

அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. கார்டைத் திருப்பிப் பார்த்தார். ஓர் அங்குலம்கூடக் காலி இடம் இல்லை. அடுத்த கார்டை எடுத்தார், அதுவும் அதேதான். அதற்கடுத்ததும்.

பின்கட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சொர்ணலட்சுமி ஏதோ முணுமுணுத்துத் தாலாட்டினாள். மேற்கே ஆற்றுப் பக்கம் வண்டி மணிச் சத்தம் கேட்டது. ஒரு வண்டி இல்லை, நாலைந்து. சுப்புராஜ் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மணி பதினொன்றுதான், அரசாங்க நேரம்.

"யாரு வந்திருக்கறது?" என்று கண்ணம்மாள் உள்ளிருந்து கேட்டாள்.

அவர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடந்து வந்து நின்றார்கள். பிறகு இன்னொருவர். சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டு ஆணியில் தொங்கிய பெட்டிக்குள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கார்டுகள் விழத் தொடங்கின. சுப்புராஜ் எண்ணினார். ஒன்பதில் நின்று, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.